பழைய அலுமாரியைப் புதுப்பித்தல்: எங்கே சாயம், எங்கே பெயின்ற்?

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடத்துக்கு இடம் நகர்ந்தவர்களுக்கும் அலுமாரி பெரியதொரு பிரச்சினையாக இருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் இடமிருந்தவர்கள் ஏற்றினார்கள். இடமில்லாதவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சிலருக்கு மழையில் நனைந்து, கால் ஒடிந்து, கண்ணாடி உடைந்த அலுமாரி ஒன்று மிஞ்சியது. வேறு சிலர் உறவினர் கொடுத்த பழையதொன்றை இன்றும் பாவிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட அலுமாரிக்குப் பெரும்பாலும் மூன்று கதிகளில் ஒன்று நேர்கிறது. விறகாகிறது, அல்லது பழைய தளபாடம் தேடி வரும் வியாபாரியிடம் அற்ப விலைக்குப் போகிறது, அல்லது கையில் கிடைத்த பெயின்றை அதன்மேல் பூசி, ஒரு வருடத்தில் அது உரிந்து விழுகிறது. இம்மூன்றும் நட்டமே. முதிரையிலோ தேக்கிலோ செய்த பழைய அலுமாரிக்கு இணையான ஒன்றை இன்று கடையில் வாங்க எம்மில் எத்தனை பேரால் முடியும்? முதிரை, பாலை போன்ற காட்டு மரங்களை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் தூள்பலகைத் தளபாடங்கள் ஈரம் பட்டால் ஊதிப்போகும்.

ஒடிந்த காலைப் பொருத்துவதற்குத் தச்சர் தேவைப்படலாம். மிகுதி வேலை முழுவதையும் வீட்டிலுள்ள ஆண்களும் பெண்களும் தாங்களே செய்யலாம். அதைப் படிப்படியாக இங்கே பார்ப்போம்.

1. முதலில் அலுமாரியை வாசியுங்கள்

லாச்சிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் சோக்கினால் இலக்கமிடுங்கள். கைபிடிகளையும் பிணைச்சல்களையும் கழற்றி ஒரு ரின்னில் போட்டு வையுங்கள். லாச்சியின் அடியில் விரித்திருக்கும் பழைய கடதாசியை அப்படியே கசக்கி எறிய வேண்டாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படங்கள் முதலியவற்றை அதன் கீழே வைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. ஒவ்வொரு தாளையும் விரித்துப் பாருங்கள்.

அடுத்து, அது என்ன மரம் என்று பாருங்கள். பூச்சுப் படாத இடத்தில், அதாவது லாச்சியின் உட்புறத்திலோ அலுமாரியின் அடியிலோ, பார்க்க வேண்டும். முதிரை பாரமானது, பொன்மஞ்சள் நிறம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பட்டுப்போல மினுங்கும். பலா வெட்டிய புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுக் கபிலமாகும். தேக்கில் எண்ணெய்ப் பிடிப்பும் அதற்கே உரிய மணமும் இருக்கும். பலகையின் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. அதன் மேல் அடுக்கு மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள அடுக்கு வெளியே வந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. அண்மையில் விடுவிக்கப்பட்ட காணியில், பற்றைக்குள் கிடக்கும் இடிந்த வீட்டில் உங்கள் அலுமாரி இருப்பதாகத் தெரிந்தாலும், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை உள்ளே போக வேண்டாம்.

2. காட்டுவதா, மூடுவதா?

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். மரச்சாயம் பலகைக்குள் ஊறி, மரத்தின் இழையை எடுத்துக் காட்டும். நல்ல மரமென்றால் அதன் அழகும், பழுதான மரமென்றால் அதன் ஒட்டும் கறையும் சேர்ந்தே தெரியும். பெயின்ற் மேலே படிந்து எல்லாவற்றையும் மூடும்.

ஆகவே முழு அலுமாரிக்கும் ஒன்றையே பூச வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய அலுமாரிகளில் பெரும்பாலும் மேல்தட்டும் லாச்சி முகப்புகளும் பழைய நல்ல மரமாக இருக்கும். பக்கப் பலகையோ காலோ பிறகு வேறு மரத்தில் போட்டதாக இருக்கும். வேம்பும் முதிரையும் ஒட்டுப்பலகையும் கலந்த உடலுக்கு ஒரே சாயத்தைப் பூசினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகும். அப்படியானால் உடலுக்குப் பெயின்ற் பூசுங்கள். மேல்தட்டையும் லாச்சி முகப்புகளையும் சாயமிட்டு மரமாகவே விடுங்கள். அடி வாங்கிய அலுமாரிக்கு இது மிகவும் பொருத்தமான முறை. செலவும் குறையும்.

முழுவதும் முதிரை, கருங்காலி அல்லது தேக்கில் செய்த பழங்கால வேலைப்பாடுள்ள அலுமாரியாக இருந்தால் பெயின்றைத் தொடவே வேண்டாம். பெயின்ற் பூசினால் அதன் பெறுமதி குறையும். விற்க வேண்டிய நிலை வந்தாலும், முதல் வந்த வியாபாரி சொல்லும் விலையை ஏற்காமல் மரம் தெரிந்த தச்சர் ஒருவரிடம் காட்டிய பின்னர் முடிவெடுங்கள்.

3. பழைய பூச்சு: பிள்ளைகளைக் கவனியுங்கள்

பழைய பூச்சு என்னவென்று அறியச் சிறிய சோதனை ஒன்று உண்டு. மறைவான இடத்தில் சில துளி ஸ்பிரிட் விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பொலிஸ். அதைப் பழந்துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தே எடுத்துவிடலாம். இளகாவிட்டால் அது வார்ணிஷ் அல்லது பெயின்றாக இருக்கும்.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். எங்கள் நாட்டில் பெயின்றில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு 2013 ஜனவரி 1 ஆம் திகதி முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பூசிய எந்தப் பெயின்றையும் ஈயமுள்ளதாகவே எண்ணி நடவுங்கள். ஈயத்தூள் மூச்சுடனும், கையில் ஒட்டி வாய்வழியாகவும் உடலுக்குள் போகும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்; அப்பாதிப்பு திரும்பச் சீராவதில்லை. கருவுற்ற தாய்மாரும் இவ்வேலைக்கு அருகில் இருக்கக்கூடாது.

எனவே:

- பழைய பெயின்ற் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, ஈரமாக இலேசாகத் தேய்த்து, அதன் மேலேயே புதிய பெயின்ற் பூசுங்கள்.
- உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். தண்ணீரில் பாவிக்கும் கறுப்பு அரத்தாளைக் கடையில் வோட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கலாம். உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது.
- தீயினால் சுட்டு உரிக்கக்கூடாது. பெயின்ற் பூசிய பலகைத் துண்டை அடுப்பிலும் எரிக்கக்கூடாது. அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும்.
- வேலையை வீட்டுக்கு வெளியே, பொலித்தீன் விரித்து அதன்மேல் செய்யுங்கள். முடிந்ததும் சுரண்டல்களைப் பொலித்தீனோடு சுருட்டிக் கட்டுங்கள். கிணற்றடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ கொட்ட வேண்டாம்.
- பிள்ளைகளைத் தூக்குமுன் கைகால் முகம் கழுவி உடுப்பை மாற்றுங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

சாயமிடப்போகும் பலகையில் பழைய பூச்சு சிறிதும் இருக்கக்கூடாது. இருந்தால் அந்த இடத்தில் சாயம் ஊறாது. மேல்தட்டில் பழைய பெயின்ற் இருந்தால் ஈரமாகச் சுரண்டி முழுவதும் எடுத்துக் காயவிட்ட பிறகே அடுத்த வேலை. பெயின்ற் இல்லாத வெறும் மரத்தை 80 ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி, 120, 180 என்ற ஒழுங்கில் தேய்க்க வேண்டும். எப்போதும் மர இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் சாயம் பட்டதும் கறுத்துத் தெரியும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் மூக்கில் எரிச்சலையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள்.

4. கறையானும் உளுவும்

மண்கோடு இருந்தால் கறையான். மாப்போன்ற தூள் கொட்டும் சிறிய வட்டத் துவாரங்கள் இருந்தால் உளு. துவாரம் பழையதா, பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, அலுமாரியின் கீழ் கறுப்புத் துணியொன்றை விரித்துச் சில நாட்கள் விடுங்கள். புதிய தூள் விழுந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது.

வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியில் மிச்சம் இருக்கிறது, அதை அலுமாரிக்கு அடித்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. ஒருபோதும் அடிக்கக்கூடாது. பிள்ளைகளின் உடுப்பும் படுக்கை விரிப்பும் வைக்கும் இடம் அது. மூடிய அலுமாரிக்குள் அந்த நஞ்சு நீண்ட காலம் தங்கி, துணியில் ஏறி, உடம்பில் படும்.

அதற்குப் பதிலாக, ஒரு லீற்றர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பூச்சு நீக்கிய மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசலாம். ஒரு தடவை ஊறிய பின்பே அடுத்ததைப் பூச வேண்டும். துவாரங்களுக்குள் ஊசிபோட்ட பழைய சிறிஞ்சினால் செலுத்தினால் நல்லது. இதையும் விழுங்கக்கூடாது, கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பின் மேலே படியும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு அரித்த பலகையை மருந்தால் காப்பாற்ற முடியாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

5. பழுது பார்த்தல்

ஆடும் மூட்டில் ஆணி மேல் ஆணி அடிப்பது மரத்தைப் பிளக்கும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிய மரப்பசை வைத்து மீண்டும் பொருத்துங்கள். இறுக்கும் கருவி இல்லாவிட்டால், அலுமாரியைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, இடையில் ஒரு தடியைச் செருகி முறுக்குங்கள். வண்டிப் பாரத்தை இறுக்கும் அதே முறைதான். மூலைகளில் துணி மடித்து வைத்தால் கயிறு மரத்தை வெட்டாது. ஒரு நாள் முழுவதும் அப்படியே விடுங்கள்.

பெயின்ற் பூசும் இடத்திலுள்ள வெடிப்புகளைப் புட்டியால் நிரப்பலாம். சாயமிடும் இடத்தில் பசையோ புட்டியோ மேலே வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசை பட்ட இடம் சாயத்தைக் குடிக்காமல் வெள்ளையாக நிற்கும். வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். இறுகும் லாச்சியின் ஓடுபக்கங்களில் மெழுகுதிரியைத் தேய்த்தால் இலகுவாக ஓடும்.

6. மேல்தட்டுக்குச் சாயம்

கடையில் வூட் ஸ்ரெயின் என்று கேட்டு வாங்கலாம். வாங்க வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் கொதிநீரில் 50 கிராம் தேயிலைத்தூள் போட்டு ஆறவிட்டு வடித்தால் மென்கபிலச் சாயம் கிடைக்கும். இன்னும் கருமை வேண்டுமானால், துருப்பிடித்த பழைய ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். கண்ணாடிப் போத்தலில் ஊறவிட்டு, வாயைத் துணியால் மட்டும் கட்டுங்கள். உள்ளே வாயு உண்டாவதால் இறுக மூடினால் போத்தல் வெடிக்கலாம். தேயிலைச் சாயம் பூசிக் காய்ந்த பலகையில் இந்த இரும்புத் தண்ணீரைத் துணியால் வடித்துப் பூசும்போது, தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மரம் கருமையாகும். நிறம் உடனே தெரியாது, சிறிது நேரத்தில் ஏறும். ஆகையால் அவசரப்பட்டு இரண்டாம் தடவை பூச வேண்டாம்.

எந்தச் சாயமானாலும் முதலில் அலுமாரியின் அடிப்பக்கத்தில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். தண்ணீர்ச் சாயம் மரத்தின் நார்களை எழுப்பும். ஆகவே முன்கூட்டியே ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, காய்ந்த பின் 180 ஆம் இலக்கத் தாளால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சாயத்தைத் துணியால் இழையின் போக்கில், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் பூசி, சில நிமிடங்களில் மிகுதியைத் துடைத்தெடுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும்.

சாயம் நிறம் தரும், பாதுகாப்புத் தராது. ஒரு நாள் காய்ந்த பின் மேற்பூச்சு அவசியம். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் வரை அரக்குத் தகடுகளை ஓரிரவு ஊறவிட்டு வடித்தால் பொலிஸ் ஆயத்தம். மெல்லியதாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டுப் பூசலாம். லாச்சி முகப்புக்கு இது போதும். தேநீர்க் கோப்பையும் தண்ணீர்ச் செம்பும் வைக்கும் மேல்தட்டுக்கு வார்ணிஷ் நல்லது. அரக்குப் பொலிஸில் சூடும் தண்ணீரும் வெள்ளைத் தழும்பு விழுத்தும்.

7. உடலுக்குப் பெயின்ற்

சாயமும் மேற்பூச்சும் நன்றாகக் காய்ந்த பின்னரே பெயின்ற் வேலை. மேல்தட்டின் ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள். அப்போது தவறிச் சிந்தும் பெயின்றையும் துடைத்துவிடலாம். வெறும் மரத்தில் சிந்தினால் உள்ளே ஊறிவிடும்.

முதலில் மரத்துக்குரிய அடிப்பூச்சு ஒரு தடவை. காய்ந்த பின் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, எனாமல் பெயின்ற் இரண்டு தடவை. ஒரு தடவை தடிப்பாகப் பூசுவதைவிட இரண்டு தடவை மெல்லியதாகப் பூசுவது நெடுநாள் நிற்கும். தடிப்பாகப் பூசினால் வழியும். மேல் காய்ந்து உள் காயாமல் சுருங்கும்.

எவ்வளவு வாங்குவது? நான்கு அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள அலுமாரியின் முகப்பும் இரு பக்கங்களும் சேர்ந்து 24 சதுர அடி. இரண்டு தடவை பூச அரை லீற்றர் ரின் ஒன்று போதும். கடைக்காரர் காட்டும் பெரிய ரின்னை வாங்க வேண்டியதில்லை. ரின்னில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லாச்சிகளின் உட்புறத்துக்கும் பக்கங்களுக்கும் பெயின்ற் வேண்டாம். பக்கங்களில் பூசினால் லாச்சி இறுகும். உள்ளே பூசினால் உடுப்பில் மணம் ஏறும்.

8. எப்போது செய்வது?

மாரி மழைக்குள் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரக் காற்றில் பெயின்ற் காயாது, அரக்குப் பொலிஸ் வெளிறும். காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் பொருத்தமானவை. கையில் சிறிது ஓய்வும் இருக்கும். சோளகக் காற்று வீசும் காலத்தில் புழுதி படியுமாதலால் அதிகாலையில் பூசுங்கள். நேர் வெயிலில் வைத்துப் பூசவும் காயவைக்கவும் கூடாது. வேலை முடிந்த அலுமாரியை ஒரு வாரம் திறந்து வைத்து, மணம் போன பின்பே உடுப்பை அடுக்குங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் மூன்று விரற்கடை இடைவெளி விட்டால் ஈரமும் கறையானும் ஏறுவது குறையும். ஏறினாலும் கண்ணில் படும்.

ஸ்பிரிட், ரேப்பன்ரைன், மண்ணெண்ணெய் ஆகியவற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீரென்று எண்ணிப் பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில் வேலை செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயமோ வார்ணிஷோ துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டே அப்புறப்படுத்துங்கள்.

9. தனியாக அன்றி, சேர்ந்து

ஒரு அலுமாரிக்குத் தேவையானது ஒரு கை அரக்கு, சில தாள் அரத்தாள், அரை ரின் பெயின்ற். கடையில் அப்படிச் சில்லறையாகக் கிடைப்பதில்லை. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் செலவு பங்காகும், பொருளும் வீணாகாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு வாள் ஆகியவற்றை வாங்கி வைத்து முறைமுறையாகக் கொடுக்கலாம். ஊரிலுள்ள வயதான தச்சர் ஒருவரை ஒரு நாள் அழைத்து மூட்டு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த நாளுக்குரிய கூலியை அவருக்குக் கொடுங்கள். இளைஞர் இருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால், அடுத்த வருடம் ஊருக்குள்ளேயே அவர்களுக்கு வேலை கிடைக்கும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் எத்தனை வீடுகளில் பழைய மரத் தளபாடங்கள் பழுதாகிக் கிடக்கின்றன? அவை எந்த மரம் என்று எமக்குத் தெரியுமா?
2. கடந்த வருடத்தில் வெளியாருக்கு விற்கப்பட்டவை எவை? என்ன விலைக்குப் போயின? புதியது வாங்க எவ்வளவு செலவானது?
3. எமது வீட்டில் 2013 க்கு முன் பெயின்ற் பூசிய கதவு, யன்னல், தொட்டில் எவை? அவற்றில் பெயின்ற் உரிந்து பிள்ளைகளின் கைக்கு எட்டும் நிலையில் இருப்பது எது?
4. கிருமிநாசினியும் மண்ணெண்ணெயும் எமது வீட்டில் எங்கே, எந்தப் போத்தலில் இருக்கின்றன? இன்று வீட்டுக்குப் போனதும் அதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுவோமா?